கூழின் மேல் படிந்த ஏடு

இதயம்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலக் கணக்கு எழுதுகிறார். ஆறு மாதத்துக்கு முன்பு முழு உடல் பரிசோதனை செய்தபோது டிரெட்மில் டெஸ்ட் நன்றாக இருக்கிறது, இதயத்தில் குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். சென்ற மாதம் விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, முக்கியமான ரத்தக்குழாய் நூறு சதவீதம் அடைத்துவிட்டது என்று சொல்லி ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறே மாதத்தில் நூறு சதவீத அடைப்பு எப்படி வளரும்? முதலில் பார்த்தவர்கள் எங்களிடம் பொய் சொன்னார்களா?
வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை, அம்மா. அந்த அடைப்பு ஆறு மாதமாக வளர்ந்தது அல்ல. பெரும்பாலும் வலி தொடங்கிய அந்த விடியற்காலையில், சில நிமிடங்களுக்குள் உண்டாகியிருக்கும். அதற்கு இடம் கொடுத்த கொழுப்புப் படிவுதான் பல ஆண்டுகளாக அவருடைய ரத்தக்குழாயின் சுவருக்குள் இருந்துவந்திருக்கும். படிவு வேறு, அடைப்பு வேறு என்பதை மருத்துவர்களாகிய நாங்கள் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை. உங்கள் சந்தேகத்துக்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்; ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

போர் தண்ணீரின் உப்பு வீட்டுக் குழாயின் உட்புறத்தில் ஆண்டுக்கணக்கில் படிந்து, ஒருநாள் தண்ணீர் வருவதே நின்றுபோவதைப் பார்த்திருப்பீர்கள். மாரடைப்பும் அப்படித்தான் வருகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். இதயத் தமனி அத்தகைய குழாய் இல்லை. அதன் சுவர் உயிருள்ளது. சுவரின் உட்பக்கம் முழுவதையும் ஒற்றை வரிசைச் செல்களாலான ஒரு மெல்லிய படலம் போர்த்தியிருக்கிறது. ரத்தத்தில் எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு மிகுந்து, புகையும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அந்தப் படலத்தை நலியச் செய்யும்போது, கொழுப்புத் துகள்கள் படலத்தைக் கடந்து சுவருக்குள் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. அங்கே அவை வேதிமாற்றம் அடைய, அதை ஒரு காயமாகவே கருதும் உடல் வெள்ளை அணுக்களை அனுப்புகிறது. அந்த அணுக்கள் கொழுப்பை விழுங்கி விழுங்கி நுரை நிறைந்தாற்போல் உப்பி, அங்கேயே மடிகின்றன. மடிந்த செல்களும் கொழுப்புமாகச் சுவருக்குள் ஒரு குழம்பு தேங்குகிறது. அது ரத்தத்தைத் தொட்டுவிடாதபடி, தமனிச் சுவரின் தசைச் செல்கள் கொலாஜன் என்னும் நாரை உண்டாக்கி அதன்மேல் ஒரு மூடி போட்டுவைக்கின்றன.

ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் நான் மாணவனாக இருந்தபோது, மாரடைப்பில் இறந்த ஒருவரின் தமனியைக் குறுக்காக வெட்டிய துண்டை எங்கள் நோயியல் பேராசிரியர் நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார். வட்டமான குழாயின் ஒரு பக்கச் சுவர் மட்டும் தடித்திருந்தது. அதனுள்ளே கொழுப்புப் படிகங்கள் இருந்த இடங்களெல்லாம் ஊசி ஊசியான வெள்ளைக் கீறல்களாகத் தெரிந்தன. அதன் மேலிருந்த மூடி, ஓரத்தில் ஓர் இடத்தில் மட்டும் நூல் இழையாக மெலிந்து அறுந்திருந்தது. அறுந்த அந்த இடத்திலிருந்து கிளம்பிய சிவந்த ரத்தக்கட்டி குழாயின் எஞ்சிய வழி முழுவதையும் நிரப்பியிருந்தது. இந்தப் படிவுக்கு மருத்துவத்தில் அதிரோமா என்று பெயர். கூழைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று அவர் சொன்னார். ராயபுரத்தில் வளர்ந்த எனக்கு, ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மன் கோயில் வாசலில் அண்டாவில் ஆறிக்கொண்டிருக்கும் கேழ்வரகுக் கூழும், அதன்மேல் படியும் ஏடும், கரண்டியின் முனை பட்டதும் அந்த ஏடு கிழிந்து உள்ளிருக்கும் கூழ் மேலே வருவதும் உடனே நினைவுக்கு வந்தன. இன்றுவரை நோயாளிகளிடம் இதைச் சொல்லித்தான் விளக்குகிறேன்.

ஏடு தடிப்பாக இருக்கும்வரை கூழ் எவ்வளவு இருந்தாலும் உடனடி ஆபத்து குறைவு. அதை நிலைத்த படிவு என்கிறோம். ஏடு மெலிந்து, அடியில் கூழ் மிகுந்திருந்தால் அது நிலையற்ற படிவு. எவ்வளவு மெலிவு என்றால், கிழிந்துபோன படிவுகளை ஆராய்ந்தவர்கள் வைத்திருக்கும் எல்லை 0.065 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு தலைமுடியின் கனம். ஏட்டை மெலியச் செய்வதும் நம் உடலின் வெள்ளை அணுக்களே. கொழுப்பு தொடர்ந்து வந்து சேர்ந்துகொண்டேயிருப்பதால் அவற்றின் அழற்சி அடங்குவதே இல்லை. அழற்சியுற்ற அணுக்கள் கொலாஜனை அரிக்கும் நொதிகளைச் சுரக்கின்றன; அதே வேளையில் புதிய கொலாஜன் உண்டாவதையும் தடுக்கின்றன. படிவு ஆரோக்கியமான சுவரோடு சேரும் ஓரத்தில் (படிவின் ‘தோள்பட்டை’ என்போம்) இந்த அணுக்கள் மிகுதி. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தத்தின் விசை மிகுதியாகத் தாக்குவதும் அங்கேதான். ஏடு அங்கே கிழிந்து கூழ் ரத்தத்தைத் தொட்டதும், கையில் வெட்டுக்காயம் பட்டால் நடப்பதெல்லாம் தமனிக்குள் நடக்கிறது: தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டிக்கொள்கின்றன, ஃபைப்ரின் இழைகள் அவற்றைப் பின்னிக் கட்டுகின்றன, ரத்தம் உறைகிறது. காயத்தில் உயிரைக் காக்கும் அதே செயல், சில மில்லிமீட்டர் அகலமே உள்ள இதயத் தமனிக்குள் உயிரை எடுக்கிறது.

இப்போது டிரெட்மில்லுக்கு வருகிறேன். ஓடும்போது இதயம் கேட்கும் கூடுதல் ரத்தம் வந்து சேர்கிறதா என்பதை மட்டுமே அந்தப் பரிசோதனை காட்டும். சுமார் 70 சதவீதத்துக்கு மேல் குழாய் குறுகியிருந்தால்தான் அது பெரும்பாலும் தெரியவரும். ஆனால் படிவு வளரும்போது தமனி வெளிப்பக்கமாக விரிந்து கொடுத்து, உள்வழியை நெடுங்காலம் காப்பாற்றிக்கொள்கிறது. 1987-இல் அமெரிக்க நோயியல் வல்லுநர் சீமூர் கிளாகோவ் இதை விளக்கிக் காட்டினார். ஆகவே சுவருக்குள் ஏராளமான கூழை வைத்துக்கொண்டே ஒருவர் டிரெட்மில்லில் நன்றாக ஓடிவிட முடியும். பரிசோதனை கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் தந்தது. ஏடு மெலிந்திருக்கிறதா என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை. மாரடைப்பு வந்தவர்களின் பழைய ஆஞ்சியோ படங்களை (தமனிக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) 1980-களின் இறுதியில் எடுத்துப் பார்த்தபோது, பின்னாளில் முழுதாக அடைத்துக்கொண்ட இடம் முன்பு பாதி அளவுகூடக் குறுகியிருக்கவில்லை என்பது பலரிடம் தெரிந்தது. இதனால் பெரிய அடைப்புகள் தீங்கற்றவை என்று ஆகிவிடாது. சிறிய படிவுகள் எண்ணிக்கையில் மிகுதி. அவற்றை யாரும் பொருட்படுத்துவதும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமனிக்குள் உறையும் ரத்தம் மாரடைப்பின் காரணமா, விளைவா என்றே ஒருகாலத்தில் மருத்துவ உலகம் வாதிட்டுக்கொண்டிருந்தது. 1980-இல் மார்கஸ் டிவுட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும், மாரடைப்பு தொடங்கிய சில மணி நேரத்துக்குள்ளேயே துணிந்து ஆஞ்சியோ எடுத்தார்கள். 4 மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்டவர்களில் 87 சதவீதத்தினருக்குத் தமனி முழுதாக அடைபட்டிருந்தது. நேரம் செல்லச் செல்ல அந்த விகிதம் குறைந்தது. அதாவது, கட்டிதான் முதலில் வருகிறது. அது கரையவும் கூடும். கட்டியைக் கரைக்கும் ஊசியும், பலூன் வைத்துத் திறக்கும் சிகிச்சையும் உறுதியாகக் காலூன்றியது இந்த அறிவின்மேல்தான்.

விடியற்காலை என்று எழுதியிருந்தீர்கள். மாரடைப்புகள் அதிகாலை முதல் முற்பகல் வரை மிகுதியாக வருகின்றன. அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் எழும்புகிறது, அட்ரினலின் கூடுகிறது, தட்டணுக்கள் எளிதில் ஒட்டுகின்றன. ஏலத்துக்காக நள்ளிரவு தாண்டியதும் எழுந்து போகிறவருடைய தூக்கத்தையும் கொஞ்சம் கவனியுங்கள்.

கேள்வி: என் அக்கா கணவருக்கு ஸ்டெமி என்று எழுதினார்கள். எனக்குச் சென்ற ஆண்டு என்ஸ்டெமி என்றார்கள். அடுத்த வீட்டுக்காரருக்கு அன்ஸ்டேபிள் ஆஞ்சைனா என்று சொல்லி இரண்டு நாளில் அனுப்பிவிட்டார்கள். இதில் எது உண்மையான அட்டாக்?
வாசகர், திருவொற்றியூர்

பதில்: மூன்றும் ஒரே நிகழ்ச்சியின் மூன்று முடிவுகள். மூன்றையும் சேர்த்து அக்யூட் கொரோனரி சிண்ட்ரோம் என்கிறோம். மேலே விளக்கியபடி ஏடு கிழிந்து ரத்தம் உறைகிறது. அந்தக் கட்டி எவ்வளவு பெரிதாகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்தே பெயர் மாறுகிறது. கட்டி குழாயை முழுதாக அடைத்து அப்படியே நின்றால், அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசை உட்புறத்திலிருந்து வெளிப்புறம் வரை சாகத் தொடங்கும். ஈசிஜியில் எஸ்டி என்னும் பகுதி மேலே எழும்பி நிற்கும். அது ஸ்டெமி. கட்டி குழாயை ஓரளவு மட்டும் அடைத்தாலோ, அடைப்பதும் திறப்பதுமாக இருந்தாலோ, துணுக்குகள் உதிர்ந்து கீழே உள்ள நுண்குழாய்களை அடைத்தாலோ, எஸ்டி எழும்பாமலேயே கொஞ்சம் தசை சேதமடையும். செத்த தசையிலிருந்து டிராப்போனின் என்ற புரதம் ரத்தத்தில் கலக்கும். அது என்ஸ்டெமி. ஏடு கிழிந்து வலியும் வந்து, தசை மட்டும் தப்பித்துக்கொண்டால் டிராப்போனின் உயராது. அது அன்ஸ்டேபிள் ஆஞ்சைனா.

உங்கள் அடுத்த வீட்டுக்காரர் லேசான நோய் என்று எண்ணியிருந்தால் அந்த எண்ணத்தை மாற்றுங்கள். கிழிந்த இடம் அவருக்குள் இன்னும் ஆறவில்லை. அடுத்த சில வாரங்களே அவருக்கு மிக ஆபத்தானவை. இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. ஏடு கிழிந்து, கட்டி சிறியதாக உண்டாகி, வலியே இல்லாமல் தானாக ஆறிவிடுவதும் நடக்கிறது. ஆறிய தழும்பு படிவை இன்னும் கொஞ்சம் தடிக்க வைக்கும். படிவுகள் பலசமயம் இப்படிப் படிப்படியாகத்தான் பெரிதாகின்றன.

முதல் ஈசிஜி நார்மல் என்றதும் எழுந்து போய்விடாதீர்கள். டிராப்போனின் உயர்வதற்குச் சில மணி நேரம் ஆகலாம் என்பதால்தான் இரண்டாம் முறை ரத்தம் எடுக்கிறோம். ஈசிஜியையும் திரும்ப எடுக்கிறோம்.

கேள்வி: இரவில் நெஞ்சு அடைத்தால் எங்கள் வீட்டில் முதலில் சோடா, பிறகு ஓமத் தண்ணீர், அதற்கும் அடங்காவிட்டால் மெடிக்கலில் கேஸ் மாத்திரை. இது கேஸா, இதயமா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?
வாசகி, வியாசர்பாடி

பதில்: நிச்சயமாகக் கண்டுபிடிக்க வழி இல்லை. வீட்டில் இருக்கும் மருத்துவருக்கும் இல்லை. ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும். இதயத்தின் அடிப்பகுதித் தசைக்கு ரத்தம் நின்றால் மேல்வயிறு வலிக்கும், குமட்டும், ஏப்பமும் வரும். ஏப்பம் வந்தது, ஆகவே கேஸ்தான் என்ற முடிவு எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறது.

என் பெரியப்பா அவர்களில் ஒருவர். ஆலைத் தொழிலாளி. ஒரு நாள் இரவு மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்தார். பனியன் முதுகோடு ஒட்டும்படி வியர்த்திருந்தது. கையில் பெரியம்மா கொடுத்த இஞ்சித் துண்டு. பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்கில் கேஸ் என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார்கள். அங்கே ஈசிஜி கருவி இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஊசி போட்டாகிவிட்டதே என்ற நிம்மதியில் நாங்களும் வீட்டிலேயே இருந்துவிட்டோம். காலை ஒன்பது மணிக்கு அவர் இல்லை. அந்த ஆறு மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

குழாய் முழுதாக அடைத்து ஏறக்குறைய அரை மணி நேரத்தில் தசை மீளமுடியாதபடி சாகத் தொடங்கும். அடுத்த சில மணி நேரத்தில் சாவு உள்ளிருந்து வெளிப்புறமாகப் பரவும். நெஞ்சில் பாரமோ இறுக்கமோ கால் மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், அது தாடைக்கோ தோளுக்கோ இடக்கைக்கோ ஏறினால், கூடவே வியர்த்துக் கொட்டினால், 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலோ காரணமற்ற அசதியோ மட்டும் வரலாம். பைக்கில் பின்னால் உட்காரவைத்து அழைத்துச் செல்லாதீர்கள். வழியில் இதயத்துடிப்பு தடுமாறினால் ஆம்புலன்ஸில் மின்னதிர்ச்சி கொடுக்க முடியும், பைக்கில் முடியாது. ஸ்டான்லியும், சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் வியாசர்பாடிக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினைக் கடித்து மென்று விழுங்குவது நல்லது; ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், வயிற்றிலோ மூளையிலோ ரத்தக்கசிவு இருந்தவர்களுக்கும் மட்டும் கூடாது. மெல்லச் சொல்வது அது விரைவில் ரத்தத்தில் சேர்வதற்காக. 17,187 நோயாளிகளை வைத்து நடந்து 1988-இல் வெளிவந்த ஐசிஸ்-2 ஆய்வில், ஆஸ்பிரின் மட்டுமே ஐந்து வாரங்களில் இறப்பை 23 சதவீதம் குறைத்தது. பலர் நாக்கின் அடியில் சார்பிட்ரேட் என்னும் மாத்திரையை வைத்துக்கொண்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அது குழாயைத் தளர்த்தும், கட்டியைக் கரைக்காது. ரத்த அழுத்தம் குறைந்திருந்தால் மயங்கி விழவும் செய்யும். தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023-இல் வந்தபிறகு, ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்றின் முதல் தவணை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே தரப்படுகிறது. அதை வாங்கிக்கொண்டு வீடு திரும்பக் கூடாது. பெரிய மருத்துவமனைக்குப் போகும் வழிக்கான மருந்து அது.

கேள்வி: எனக்கு வயது 38. கொலஸ்ட்ரால் நார்மல். தினமும் பத்து சிகரெட். என்னைப் போன்றவர்களுக்கும் இந்தப் படிவு வெடிக்குமா?
வாசகர், எண்ணூர்

பதில்: ஏடு கிழியாமலேயே உங்களுக்கு வரலாம். முதல் பதிலில் சொன்ன உட்படலம் ஓரிடத்தில் உரிந்துபோனாலே தட்டணுக்கள் அங்கே ஒட்டிக்கொண்டு கட்டி உண்டாகிவிடும். இதைப் படல அரிப்பு (எரோஷன்) என்கிறோம். புகைப்பவர்களிடமும் பெண்களிடமும் இது மிகுதி. அடியில் கூழ் அதிகம் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. புகை அந்தப் படலத்தையும் கெடுக்கிறது, தட்டணுக்களையும் ஒட்டவைக்கிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பின் சராசரி வயது தெற்காசியாவில் 53 என்றும் பிற நாடுகளில் ஏறக்குறைய 59 என்றும் தெரிந்தது. 38 என்பது பாதுகாப்பான வயது இல்லை, தம்பி. காற்றிலுள்ள நுண்துகள்களும் இதே படலத்தைத்தான் தாக்குகின்றன. எண்ணூரின் காற்றை நீங்கள் தனியாக மாற்ற முடியாது, சிகரெட்டை முடியும். பத்தை ஐந்தாகக் குறைத்தால் ஆபத்து பாதியாகக் குறையாது, நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தினால் ஓரிரு ஆண்டுகளில் கூடுதல் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிவிடும்.

கேள்வி: ஐ.சி.எஃப்.-இல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். ஆஞ்சியோவில் இரண்டு இடங்களில் 40 சதவீத அடைப்பு. ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரை போதும் என்றார்கள். இப்போது எல்டிஎல் 62-க்கு வந்துவிட்டது. கல்லீரல் கெட்டுவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். மாத்திரையை நிறுத்தலாமா? அல்லது ஸ்டென்ட் வைத்து ஒரேயடியாக முடித்துவிடலாமா?
வாசகர், பெரம்பூர்

பதில்: இரண்டும் வேண்டாம், ஐயா. 62 என்பது மாத்திரை தரும் எண். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே போய்விடும். ஸ்டாட்டின் வகை மாத்திரையின் வேலை எண்ணைக் குறைப்பதோடு முடிவதில்லை. கொழுப்பின் வரத்து குறையும்போது அழற்சி அடங்குகிறது, கூழ் வற்றுகிறது, ஏடு தடிக்கிறது. தமனிக்குள் கேமரா போலச் செலுத்தும் கருவிகளால் இதை நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். அடைப்பின் சதவீதம் 40-இலிருந்து 38-க்கு வந்தாலும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் கிழியக்கூடிய படிவு கிழியாத படிவாக மாறியிருக்கும். ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதயநோய் இருந்த 4,444 பேரிடம் நடந்து 1994-இல் வெளிவந்த ஆய்வில், சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களிடம் மொத்த இறப்பே 30 சதவீதம் குறைந்தது. இந்த மருந்து சாப்பிடுகிறவர்களுக்குப் படிவில் சுண்ணாம்பு கூடுவதும் உண்டு. சிடி ஸ்கேனில் கால்சியம் எண் உயர்ந்திருக்கிறதே என்று பிறகு கலங்க வேண்டாம். கூழ் இறுகுவதன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

ஸ்டென்ட் விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொன்னதே சரி. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அடைத்த குழாயைத் திறக்கும் ஸ்டென்ட் உயிரைக் காக்கிறது. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அடங்கியிருக்கும் நோயில், ஸ்டென்ட் தான் இருக்கும் ஓரிரு சென்டிமீட்டரை மட்டுமே தாங்குகிறது. கூழோ தமனிகள் நெடுகப் பல இடங்களில் இருக்கிறது, அடுத்துக் கிழியப்போவது எது என்று யாரும் சொல்ல முடியாது. 2007-இல் வெளிவந்த கரேஜ் ஆய்வில், நிலையான நெஞ்சுவலி இருந்த 2,287 பேரில் மருந்தோடு ஸ்டென்டும் வைத்துக்கொண்டவர்களுக்கும் மருந்து மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் இடையே இறப்பிலும் மாரடைப்பிலும் வேறுபாடு இல்லை. 1975-இல் நாட்டின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையை டாக்டர் கே.எம். செரியன் செய்தது உங்கள் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான். கத்தியால் செய்யக்கூடியதன் பெருமையை உங்கள் ஊர் நன்றாகவே அறியும். ஆனால் சுவர் முழுவதும் பரவியிருக்கும் நோய்க்கு ரத்தத்தோடு எங்கும் போகும் மருந்துதான் வேண்டும்.

கல்லீரல் நொதிகள் சிலருக்குச் சற்றே உயர்வது உண்டு. கல்லீரலே கெடுவது மிக அரிது. தொடையிலோ தோளிலோ புதிதாகத் தசைவலி வந்தால் சொல்லுங்கள். அப்போதும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம், எசெடிமைப் என்னும் வேறு வகைக் கொழுப்புக் குறைப்பு மருந்தைச் சேர்த்துக்கொள்ளலாம். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.